ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் ஏமாந்தீர்கள்! 2,000 வருடக் கால்வாயின் மேலே ஒரு நடை

(காட்சி: கொலோசியம் வாசல். உச்சி வெயில். ஐஸ் வாளியோடு பாட்டில் விற்பவர்கள்.)

ஜூலை மாத மதியம். ரோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரை லிட்டர் பாட்டில், 3 யூரோ என்றார். ரூபாயில் கணக்குப் போட்டால் தாகமே அடங்கிவிடும், ஆனாலும் வாங்கிவிட்டேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பதினைந்து அடி தள்ளி ஒரு இரும்புக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. எனக்கு பாட்டில் விற்ற அதே மனிதர் குனிந்து அதில் குடித்துக்கொண்டிருக்கிறார்!

வணக்கம் நண்பர்களே. இந்த வீடியோ முழுக்க தண்ணீர்தான். "கொலோசியம் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: கி.பி. 80-இல் திறந்தது, டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையே போடுங்கள். கொலோசியம் முடிந்தது. அதற்கென்றே ஆயிரம் வீடியோ இருக்கிறது.

(காட்சி: சாம்பல் நிற வார்ப்பிரும்புக் குழாய், மிக அருகில்.)

இதன் பெயர் நசோனே. இத்தாலிய மொழியில் 'பெரிய மூக்கு'. வளைந்த அந்தக் குழாயைப் பாருங்கள், மூக்கேதான். நான் மூக்கன் என்றே கூப்பிடப் போகிறேன். 1874-இல் நகராட்சி வைக்கத் தொடங்கியது. இன்று ரோம் முழுக்க ஏறக்குறைய 2,500 மூக்கன்கள். உடம்பில் எஸ்.பி.க்யூ.ஆர். என்று நான்கு எழுத்து இருக்கும். 'ரோமின் செனட்டும் மக்களும்' என்பதன் சுருக்கம், பழங்கால ரோமின் முத்திரை. இதே நான்கு எழுத்து சாக்கடை மூடியிலும் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்போது மூக்கின் மேல் வளைவைப் பாருங்கள். சின்னதாக ஒரு ஓட்டை தெரிகிறதா? குழாயின் வாயை விரலால் அடைத்தால், தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீய்ச்சும். குனிந்து வாய் வைக்காமல் நிமிர்ந்து நின்று குடிக்கலாம். என்ன ஒரு யோசனை! நான் முதல்முறை முழு பலத்தோடு அடைத்தேன். சட்டை, கேமரா, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாவின் கைப்பை எல்லாம் நனைந்தது. அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, விரலைப் பாதி மட்டும் வைக்கக் காட்டிக்கொடுத்தார். ஆக, பாதிதான் அடைக்க வேண்டும்.

"இரவு பகலாக இப்படிக் கொட்டுகிறதே, வீண் இல்லையா?" நியாயமான கேள்வி, ரோம்காரர்களுக்கே அந்தச் சண்டை உண்டு. 2017 கோடை வறட்சியில் நகராட்சி மூக்கன்களை மூடத் தொடங்கியபோது பெரிய சச்சரவே நடந்தது. ஓடிக்கொண்டே இருப்பதால் குழாயில் தண்ணீர் தேங்காது, அதனால் கெடாது என்பது ஒரு கட்சி. என் கருத்து? பாட்டிலுக்கு 3 யூரோ கொடுத்தவனிடம் அதையெல்லாம் கேட்காதீர்கள்.

சரி, நடை. லைன் ஏ மெட்ரோவில் ஸ்பான்யா நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் ஸ்பானியப் படிக்கட்டு. அதில் உட்காராதீர்கள், 2019-இலிருந்து தடை, அபராதம் 250 யூரோவில் தொடங்குகிறது. படிக்கு முன்னால், பாதி மூழ்கிய படகு போல ஒரு நீரூற்று இருக்கும். பெயர் பர்காச்சா. 1620-களின் கடைசியில் பியெத்ரோ பெர்னினி செய்தது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள், படகு ஏன் தெரு மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காரணம் அழகு இல்லை, அழுத்தம். இங்கே வருகிற தண்ணீருக்கு மேலே எழும்பப் போதுமான அழுத்தம் கிடையாது. சிற்பி என்ன செய்வார்? தண்ணீரை ஏற்ற முடியவில்லை, ஊற்றை இறக்கிவிட்டார். அப்படி இறக்கியதையே மூழ்கும் படகாகவும் ஆக்கிவிட்டார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதற்குத்தான் இந்த வீடியோ.

(காட்சி: வரைபடம். கிழக்கிலிருந்து நகரத்துக்குள் வரும் நீலக் கோடு.)

கி.மு. 19, ஜூன் 9. அகஸ்டஸ் பேரரசரின் நண்பரும் மருமகனுமான அக்ரிப்பா, தன் பொதுக் குளியலறைகளுக்காக ஒரு கால்வாய் திறக்கிறார். பெயர் அக்வா விர்கோ, கன்னி நீர். தாகத்தோடு வந்த வீரர்களுக்கு ஒரு சிறு பெண் ஊற்றைக் காட்டினாள், அதனால் இந்தப் பெயர் என்று கதை. நீளம் சுமார் 20 கிலோமீட்டர், அநேகமாக எல்லாமே மண்ணுக்கடியில். அந்த 20 கிலோமீட்டருக்கும் சேர்த்து மொத்த இறக்கம் எவ்வளவு தெரியுமா? சுமார் 4 மீட்டர்! பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கத்தில் தண்ணீரை நடத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொத்தனார் வாட்டம் பார்த்துப் பூசியும் மழைத் தண்ணீர் நடுவில்தான் நிற்கிறது. அதை விடுங்கள்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளும், தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

கி.பி. 537. கோத் என்ற ஜெர்மானிய இனத்தவரின் படை ரோமை முற்றுகையிட்டிருக்கிறது. அரசன் விட்டிகெஸ் நகரத்துக்கு வரும் கால்வாய்களை எல்லாம் உடைத்துவிட்டான். உள்ளே இருப்பவர் கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ். தண்ணீர் நின்றுபோன கால்வாய் என்றால் என்ன? ஊருக்குள் போகிற சுரங்கம்! ஒரு ராத்திரி, சில கோத் வீரர்கள் விளக்கும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு கால்வாய்க்குள் நுழைகிறார்கள். அது நாம் இப்போது நிற்கிற ஸ்பானியப் படிக்கட்டு ஏறிப்போகும் பின்சியோ குன்றை ஒட்டி வரும் இதே கன்னிக் கால்வாய்தான் என்று வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள்.

பின்சியோ வாசலுக்குப் பக்கத்தில் கால்வாய்க் கூரையில் ஒரு விரிசல். அதன் வழியாக உள்ளே வெளிச்சம் நகர்வதை ஒரு காவலன் பார்க்கிறான். கூட இருந்தவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். "ஓநாய் போயிருக்கும்டா, அதன் கண் மின்னியிருக்கும்."

ஓநாய்! எதிரிகள் காலுக்கடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள், மேலே இவர்கள் ஓநாய்க் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோத்கள் நகரத்தின் நடுப்பகுதி வரை வந்துவிட்டார்கள். அங்கே மேலே ஏறும் ஒரு வழி, நேராக அரண்மனைக்கு. ஆனால் ஒரு சுவர் மறிக்கிறது. முற்றுகையின் தொடக்கத்திலேயே பெலிசாரியஸ் கால்வாய்களைக் கல்வைத்து அடைத்திருந்தார். வந்ததற்குச் சாட்சியாக அந்தச் சுவரிலிருந்து ஒரு சின்னக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

மறுநாள் காவலர்களிடையே ஓநாய்ப் பேச்சு அடிபடுகிறது. அது பெலிசாரியஸ் காதுக்குப் போகிறது. அவர் சிரிக்கவில்லை, ஆள் அனுப்பினார். உள்ளே போனவர் பார்த்தது: தீப்பந்தத்திலிருந்து உதிர்ந்த கரி, சுவரில் ஒரு கல் இல்லாத ஓட்டை. அன்றிலிருந்து கால்வாய்க்குக் காவல் போட்டார்கள், கோத்களும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ப்ரொகோப்பியஸ் என்ற அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பெலிசாரியஸின் கூடவே இருந்தவர் அவர்.

அந்த முதல் காவலன் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். அவனுக்காக இந்த வீடியோவுக்கு ஒரு லைக்.

இன்னொரு ஆச்சரியம். அந்தக் கால்வாயை நீங்கள் கண்ணால் பார்க்கலாம், டிக்கெட் இல்லாமல், ஏ.சி.யில். படிக்கட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வியா தெல் த்ரித்தோனே தெருவில் ரினாஷெந்தே என்று ஒரு பெரிய பலமாடிக் கடை. அதன் அடித்தளத்தில் கைப்பை, பீங்கான் சாமான்களுக்கு நடுவே 60 மீட்டர் நீளத்துக்குக் கால்வாயின் கல் வளைவுகள் அப்படியே நிற்கின்றன. கடை கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டவை. நான் கல்லைப் பார்த்தேன், மனைவி விலைச்சீட்டைப் பார்த்தார். அக்ரிப்பாவை விட அதுதான் பயமாக இருந்தது.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் த்ரெவி நீரூற்று. கோத்கள் உடைத்த கால்வாயைப் பிற்பாடு சரிசெய்துவிட்டார்கள், இங்கேயும் அதே கன்னி நீர்தான். 1762-இல் முடிந்தது. இப்போது ஒரு சமயத்தில் 400 பேரைத்தான் தொட்டி அருகே விடுகிறார்கள், விடியற்காலை போங்கள். எல்லோரும் ஊற்றுக்கு முதுகைக் காட்டி, வலது கையால் இடது தோளுக்கு மேல் காசு எறிகிறார்கள். அந்தக் காசு கரித்தாஸ் தொண்டு அமைப்புக்குப் போகிறது, நல்லது. ஆனால் முதுகைத் திருப்பியதில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மேலே இரண்டு பக்கமும் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. இடது பக்கம், கால்வாய்த் திட்டத்தைப் பார்வையிடும் அக்ரிப்பா. வலது பக்கம், ஊற்றைக் கைநீட்டிக் காட்டும் அந்தப் பெண். இது யாருடைய தண்ணீர் என்பதை ஊற்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் காபி. நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஒரு சதுக்கத்தில் வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் உட்கார்ந்து கப்புச்சினோ கேட்டேன். பில்லைப் பார்த்ததும் குடித்தது இறங்கவில்லை. அதே காபிக்கு இரண்டு விலை உண்டு, நின்று குடித்தால் ஒன்று, உட்கார்ந்தால் இன்னொன்று. விலைப்பட்டியலிலேயே 'பாங்கோ', 'தாவோலோ' என்று இருக்கும். பாங்கோ என்றால் நிற்கும் மேடை. பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, சீட்டை நீட்ட வேண்டும். நம் டோக்கன் முறைதான்.

பசித்தால் 'காச்சோ எ பெப்பே' கேளுங்கள். செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. மிளகுக்கும் வாசனைப் பொருள்களுக்கும் என்றே டொமிஷியன் பேரரசர், பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்குப் பக்கத்தில் கிடங்கு கட்டியிருந்தார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலை அகநானூறு முசிறித் துறையில் காட்டுகிறது. அந்த மூட்டைகள் வந்து இறங்கிய ஊர் இது. ஆனாலும் மிளகு கொஞ்சம் கம்மிதான் போடுகிறார்கள்.

அடுத்து பாந்தியன், பழங்கால ரோமக் கோயில். உள்ளே போக 2023-இல் 5 யூரோ டிக்கெட் வைத்தார்கள். நெற்றியில் பெரிய எழுத்தில் யார் பெயர்? அக்ரிப்பா! நம் ஆள். இன்றைய கட்டடம் பிற்காலப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது, ஆனாலும் பழைய பெயரையே விட்டுவைத்தார். குவிமாடத்தின் நடுவில் திறந்த வட்டம், மழை பெய்தால் உள்ளே கொட்டும், தரையில் வடிகால் துளைகள். வாசலுக்கு எதிர்ச் சதுக்கத்தில் மூன்று டிராகன் தலைகளோடு ஒரு பழைய மாடல் மூக்கன் இருக்கும், தேடிப்பிடியுங்கள்.

(காட்சி: மாலை. நவோனா சதுக்கம்.)

கடைசி நிறுத்தம். நவோனா சதுக்கத்தின் நான்கு நதிகள் ஊற்று, 1651, பர்காச்சா பெர்னினியின் மகன் ஜான் லொரென்ஸோ வடிவமைத்தது. இதற்கும் அதே கன்னி நீர்தான் கொண்டுவந்தார்கள். 1866 வரை ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் வடிகாலை அடைத்து இந்தச் சதுக்கத்தையே குளமாக்கி, பணக்காரர்கள் குதிரை வண்டியில் தண்ணீருக்குள் சுற்றியிருக்கிறார்கள்.

நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிச் சிலைகள். நைல், டான்யூப், ரியோ தெ லா பிளாட்டா. நான்காவது? நம் கங்கை! ஆவலோடு சுற்றிப்போய்ப் பார்த்தேன். நீண்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டுமஸ்தான உடம்போடு ஒரு ஆண் சாய்ந்திருக்கிறார். ஐரோப்பியச் சிற்பிகளுக்கு நதி என்றால் ஆண்தெய்வம், அது அவர்கள் வழக்கம். ஆனாலும் கங்கா மாதாவுக்குத் தாடி! அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "வேறு எங்கேயோ பார்த்திருப்பாய், நன்றாக விசாரி" என்று பதில் வந்தது. நீங்களே பார்த்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.