கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலீடு கிடைத்த மகிழ்ச்சியோடு என்னைப் பார்க்க வரும் நிறுவனர்கள் முதலில் சொல்வது ஒரு தொகையைத்தான். "எங்கள் கம்பெனிக்கு இருபது கோடி மதிப்புப் போட்டிருக்கிறார்கள்." அந்தப் பூரிப்பைக் கெடுக்க மனம் வராது. ஆனால் கெடுப்பதற்குத்தானே வழக்கறிஞருக்குக் கட்டணம்! முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதும் தாளை டெர்ம் ஷீட் என்பார்கள். அதில் மதிப்பு ஒரே ஒரு வரி. நாளைக்கு யார் கைக்கு எவ்வளவு வரும் என்பதை மற்ற வரிகள்தான் முடிவுசெய்கின்றன.

ஃபேன்டூயல் என்ற ஆன்லைன் விளையாட்டு நிறுவனத்தைப் பாருங்கள். 2018-இல் அது பேடி பவர் பெட்ஃபேர் என்ற பந்தயத் தொழில் குழுமத்தின் அமெரிக்கத் தொழிலோடு இணைந்தபோது அதற்குப் போட்ட மதிப்பு 46.5 கோடி டாலர். முதலீட்டாளர்கள் முன்னுரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டிய தொகையோ 55.9 கோடி டாலர். கணக்கு முடிந்தது. நிறுவனர்களுக்கும், சாதாரணப் பங்கு வைத்திருந்த ஊழியர்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அந்த மதிப்பே குறைவு என்று நிறுவனர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போட்ட மதிப்பு சரியா என்று வாதாடலாம். யாருக்கு முதலில் என்ற வரிசையை அவர்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பெயர் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். கம்பெனி மூழ்கினால்தான் இது வேலைசெய்யும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நல்லபடியாக விற்றாலும் வேலைசெய்யும்.

ஒருவர் 4 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் கம்பெனி 6 கோடிக்குத்தான் விலைபோகிறது. ஒரு மடங்கு முன்னுரிமை என்றால் அவர் போட்ட 4 கோடியை எடுத்துக்கொள்வார். மீதி 2 கோடி மற்றவர்களுக்கு. இது நியாயம்தான், நான் எதிர்க்க மாட்டேன். இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தால்? 8 கோடி அவருக்குச் சேரவேண்டும், இருப்பதே 6 கோடி, அத்தனையும் அவருக்கே.

இன்னொரு வகை உண்டு, பார்ட்டிசிபேட்டிங் என்பார்கள். முதலில் போட்ட பணம், அதன்பின் மிச்சத்திலும் பங்கு. அதே கம்பெனி 30 கோடிக்கு விற்கிறது. சாதாரண வகையில் போட்ட பணம் அல்லது பங்கு, இரண்டில் பெரியதுதான் கிடைக்கும். அதனால் அவர் 4 கோடியை விட்டுவிட்டு 20 சதவீதம், அதாவது 6 கோடி வாங்கிக்கொண்டு போவார். இந்த வகையில் முதலில் 4 கோடி, மீதி 26 கோடியில் 20 சதவீதமாக 5 கோடியே 20 லட்சம், ஆக 9 கோடியே 20 லட்சம். ஒற்றைச் சொல்லின் விலை 3 கோடியே 20 லட்சம்! மதிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இந்தச் சொல்லை நீக்கச் சொல்லுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

அடுத்தது ஆரம்பகாலப் பணம். புதுத் தொழில்களுக்கு ஆரம்ப முதலீடு தரும் ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த சேஃப் என்ற ஒப்பந்தம் இப்போது பல நாடுகளில் புழங்குகிறது. வட்டி கிடையாது, திருப்பித் தரும் தேதி கிடையாது, சில பக்கங்கள்தான். வசதியானது. அந்த வசதிதான் ஆபத்தும். பங்கு இப்போது கைமாறுவதில்லை, அடுத்த பெரிய முதலீட்டின்போதுதான் மாறும். அதனால் கொடுத்தது கண்ணில் படுவதில்லை.

2018-இல் வந்த புதிய வடிவப்படி கணக்கு எளிது: வாங்கிய பணத்தை உச்சவரம்பு மதிப்பால், அதாவது பங்கைக் கணக்கிட கம்பெனிக்கு வைக்கும் அதிகபட்ச மதிப்பால், வகுத்தால் குறைந்தபட்சம் கொடுத்த சதவீதம். 5 கோடி வரம்பில் 50 லட்சம், 6 கோடியில் 60 லட்சம், 8 கோடியில் 80 லட்சம் என்று மூன்று பேரிடம் வாங்கினீர்கள். ஒவ்வொருவருக்கும் 10 சதவீதம், மொத்தம் 30 போய்விட்டது. பிறகு பெரிய முதலீட்டாளர் 20 சதவீதம் கேட்கிறார், ஊழியர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கவும் சொல்கிறார். மிச்சம் 70, அது உங்களுக்கும் அந்த மூன்று பேருக்கும். அதில் உங்கள் பங்கு பத்தில் ஏழு, அதாவது 49 சதவீதம். முதல் பெரிய முதலீட்டிலேயே பாதிக்குக் கீழே வந்துவிட்டீர்கள். இரண்டு நிறுவனர்கள் என்றால் ஆளுக்கு 24.5. ஒவ்வொரு சேஃபிலும் கையெழுத்திடும் முன் பங்குப் பட்டியலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிறுவனர்களுக்குள்ளேயே எழுதிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. நண்பர்கள்தானே என்று விட்டுவிடுவார்கள். பாதிப் பங்கு வாங்கிய ஒருவர் ஐந்தாம் மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பாதி அவரோடே போய்விடும். இதைத் தடுக்கத்தான் வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாகும் முறை. வழக்கமான ஏற்பாடு நான்கு ஆண்டு. முதல் ஆண்டு முடியும்வரை எதுவும் உறுதியாகாது, முடிந்ததும் கால்பங்கு, பிறகு மாதாமாதம். ஸ்னாப்சாட் செயலியை நடத்தும் ஸ்னாப் நிறுவனம் 2017-இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஒரு செய்தி வெளியானது: யோசனையில் தனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்ட பழைய நண்பரோடு 15 கோடியே 75 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்திருந்தார்கள். ஆரம்பத்திலேயே தெளிவான ஒரு தாள் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

மென்பொருளுக்கும் இதே கதைதான். வெளி ஆளிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கிய நிரல் தானாகவே உங்களுடையது என்று நினைக்காதீர்கள். பல நாடுகளின் சட்டப்படி, உரிமையை எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கே அது சொந்தம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் ஆவணங்களில் இதுவும் ஒன்று. நீங்கள் இன்னும் வேலையில் இருந்துகொண்டே தொடங்குகிறீர்கள் என்றால் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். கண்டுபிடிப்பெல்லாம் முதலாளிக்கே என்று அதில் இருக்கக்கூடும்.

இன்னொன்று. பலரிடம் பணம் திரட்டிப் புதுக் கம்பெனிகளில் போடும் வென்ச்சர் நிதிகளுக்குப் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள். அதற்குள் பணம் தந்தவர்களுக்கு அதை லாபத்தோடு திருப்ப வேண்டும். நிதியின் ஏழாம் ஆண்டில் உங்களிடம் வருபவர் பொறுமையாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். எத்தனையாவது ஆண்டு என்று கேட்டுவிடுங்கள், தவறில்லை. மெதுவாக வளர்ந்து ஒழுங்காக லாபம் தரும் தொழில் என்றால் இந்தப் பணமே உங்களுக்கு வேண்டாம். முதலீடு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டெர்ம் ஷீட் பெரும்பாலும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் ரகசியம் காப்பதும், குறிப்பிட்ட நாள்வரை வேறு முதலீட்டாளரிடம் பேசக்கூடாது என்பதும் கட்டுப்படுத்தும். அந்தக் காலத்தை முப்பது நாளுக்குள் நிறுத்தப் பாருங்கள். அறுபது நாள் காத்திருந்து கையிருப்பு கரைந்த பிறகு முதலீட்டாளர் விலையைக் குறைத்தால் உங்களால் எழுந்து போக முடியாது.

கடைசியாகக் கட்டணம். முதலீட்டாளரின் வழக்கறிஞருக்கான செலவையும் உங்கள் கம்பெனியே ஏற்கவேண்டும் என்று பல டெர்ம் ஷீட்டுகளில் எழுதியிருக்கும். அதற்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள், அநேகமாக ஒப்புக்கொள்வார்கள். அந்த வழக்கறிஞர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் உங்கள் வழக்கறிஞர் அல்ல. உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், டெர்ம் ஷீட்டில் கையெழுத்திடும் முன்பே.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.