பழிவாங்காத பேய்

வணக்கம் நண்பர்களே. உடன்பிறந்தவரை இழந்தவரின் துக்கத்தையும் குற்றவுணர்வையும் பத்து நிமிடத் திகில் குறும்படமாக எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற ஓரிடத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். இறந்த தங்கை பேயாக வந்து அக்காவைப் பழிவாங்கத் தொடங்கும் இடம்தான் அது. பேயே குற்றம் சாட்டிவிட்டால், அக்கா தனக்குள் நடத்த வேண்டிய விசாரணைக்கு வேலையில்லாமல் போகிறது. பிறகு மிஞ்சுவது ஓட்டமும் அலறலும்தான்.

கிம் ஜீ-வூன் இயக்கி 2003இல் வெளிவந்த தென்கொரியப் படமான ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’ இதில் தேர்ந்த படம். முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சாய்ந்து விழுந்த அலமாரிக்கு அடியில் தங்கை சிக்கிக்கொள்ள, சத்தம் கேட்ட அக்கா, எதிர்ப்பட்ட பெண்ணுடன் வாக்குவாதம் செய்துவிட்டு, என்ன விழுந்தது என்று பாராமலேயே வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அவள் செய்தது அவ்வளவுதான். ஆனால் இறந்துபோன அந்தத் தங்கை உயிரோடிருப்பதைப் போலவே அவளுடன் வாழ்கிறாள், ஒரே படுக்கையில் உறங்குகிறாள். தங்கை ஒருமுறை கோபித்துக்கொண்டிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முழுநீளப் படம் அந்த மரணத்தைக் கடைசிவரை மறைத்து வைக்கலாம். குறும்படத்துக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே மரணத்தை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கதையையும் இழவு வீட்டில் தொடங்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் திருத்திய கையேட்டில், பெரியவர்களின் துக்கத்தை நீடித்த துக்கக் கோளாறு என்று கருதுவதற்குக் குறைந்தது 12 மாதங்களாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது. கதைக்கும் அந்தக் காலமே பொருத்தம், ஏனெனில் துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம், “இனி அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போய் வெகுநாளாகியிருக்கும், அக்காவைத் தேற்ற ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

இப்படி ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள்: அடுத்த அறையிலிருந்து அம்மா வாய்தவறித் தங்கையின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள், அக்காவும் திருத்தாமல் “இதோ வருகிறேன்” என்கிறாள். மறுநாளும் அப்படியே. இந்தக் காட்சிக்கு இசை வேண்டாம். படப்பிடிப்பின்போதே அந்த அறையின் வெற்று இரைச்சலைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு, காட்சி முழுக்க அதை அடியில் ஓடவிட்டு, அவள் பதில் சொல்லி முடித்தவுடன் சட்டென்று வெட்டிவிடுங்கள். என்ன நின்றது என்று தெரியாமலேயே பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.