சுடலைமுத்து மகன்

வணக்கம் மக்களே. நான் இப்போது நிற்பது நாகர்கோவில் ஒழுகினசேரியில். பின்னால் பஸ் இரைச்சல் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஸ்டூடியோ மாதிரி அறையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது.

கலைவாணர் என்றாலே எல்லோரும் நகைச்சுவை நடிகர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அவர் முதலில் பாட்டுக்காரர். பெயரையே பாருங்கள். என்.எஸ். என்றால் நாகர்கோவில் சுடலைமுத்து. அப்பா பெயர் சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். நம்ம ஊர்க்காரனுக்கு இந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னாலே காதில் வில்லுப்பாட்டு ஒலிக்கும், வில்லை அடித்துக்கொண்டே கதை பாடுவார்களே, அதுதான். கொடை என்கிற கோயில் திருவிழா நாளில் விடிய விடிய சுடலைமாடன், இசக்கி என்ற நாட்டார் தெய்வங்களின் கதையைப் பாடுகிற ஊரில், 1908 நவம்பர் 29 அன்று பிறந்த பிள்ளை அவர்.

வீட்டில் வசதி கிடையாது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, அங்கிருந்து 1930களின் நடுவில் சினிமா. இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

எனக்குப் பேச ஆசை 'கிந்தனார்' பற்றித்தான். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. படத்துக்கு வசனம் அண்ணா. சாதியால் ஒதுக்கப்பட்ட சிவபக்தர் நந்தனாரின் கதையை எல்லோரும் கதாகாலட்சேபமாக, அதாவது பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் கதையாக, கேட்டிருந்த காலம் அது. இவர் அதே காலட்சேப பாணியை எடுத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டார். நந்தனாருக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்துவிட்டார். சாதி சொல்லி விரட்டப்பட்ட பையன் ரயிலேறிப் போய்ப் படிக்கிறான். காலட்சேபம் செய்கிற பாகவதர் மாதிரியே ராகம் இழுத்து, பாதியில் சாதாரணப் பேச்சுக்கு இறங்கி, திரும்பப் பாட்டுக்கு ஏறுகிறார். இந்த ஏற்ற இறக்கத்தை எங்கே கற்றார் என்று கேட்டால் நான் வில்லுப்பாட்டு மேடையைத்தான் காட்டுவேன். அங்கே புலவர் ஒரு வரி சொல்லுவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" விழுகிற நேரம் சரியாக இல்லை என்றால் கதையே படுத்துவிடும். காமெடிக்கும் அதே கணக்குதான். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

பாட்டு எல்லாம் அவரே எழுதியவை என்று நினைத்துவிடக் கூடாது. உடுமலை நாராயண கவி எழுதிக் கொடுத்தவை நிறைய. ஆனால் யாரைக் கூப்பிட்டு எதை எழுதச் சொல்வது என்பதும் ஒரு கலை இல்லையா? வில்லுப்பாட்டை நம்ம கோயில் முற்றத்திலிருந்து பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் சென்னைக்கு வந்ததே இவர் மூலம்தான்.

நடுவில் ஒரு இருட்டு. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் கைது, ஆயுள் தண்டனை. மேல்முறையீடு அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை. அந்த இரண்டரை வருஷமும் அவர் மனைவி, நடிகை டி.ஏ.மதுரம் அம்மா நாடகக் குழுவை விடாமல் நடத்தினார். அவருக்கென்று தனி வீடியோ போட வேண்டும், இங்கே இரண்டு வரியில் சொன்னால் பாவம். 'கிந்தனார்' சிறையிலிருந்து வந்த பிறகு செய்தது என்பதை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள். ஒரு இடத்திலாவது கசப்பு தெரிகிறதா?

1957 ஆகஸ்ட் 30 அன்று காலமானார், 48 வயதில். அவர் பிறந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கணக்குப் பார்த்தால், சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருந்ததை அவர் பார்த்தது பத்தே மாதம்.

சரி, பேட்டரி சிவப்பு காட்டுகிறது. இங்கிருந்து நேராக மணிமேடைக்குப் போய் அவர் சிலையைக் கொஞ்சம் படம் பிடிக்கிறேன். போகிற வழியில் டீ. வரட்டுமா மக்களே.