கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

நேயர்களுக்கு வணக்கம். "ஆளுங்க சரியில்ல சார்" என்று சொல்லாத முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆள் சரியில்லையா, அவரை வேலை வாங்குகிற முறை சரியில்லையா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை ஒன்று இருந்தது, பேர் கெட்டுப்போன ஆலை. ஐந்தில் ஒருவர் மட்டம் போடுவது அங்கே சகஜம், வந்தவர்களிலும் சிலர் குடித்துவிட்டு நிற்பார்கள், மேலே இருப்பவர்கள் மீது கடுப்பு வந்தால் கார்க் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்களாம், வாங்கியவன் ஓட்டும்போது கடகடக்கட்டும் என்று. 1982-இல் ஆலையை இழுத்து மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதை நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். யூனியனும் அதேதான். ஆனால் கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானில் செய்த கார்களோடு போட்டி போட்டன.

எப்படி? நான்கைந்து பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். தலைக்கு மேலே ஒரு கயிறு. ஏதாவது கோளாறு என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடி வருவார், சட்டென்று சரிசெய்ய முடியாவிட்டால் கார்கள் வரிசையாக நகர்ந்து உருவாகும் லைனே நிற்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு 'அன்டோன்' (andon) என்று ஜப்பானியப் பெயரில் சொல்லும் இந்தக் கயிறு தெரிந்திருக்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது கொலைக்குற்றம் மாதிரி!

சரி, எல்லாம் கயிற்றின் மகிமை என்று சொல்லிவிடவும் முடியாது. இரண்டு வருடம் வேலையில்லாமல் தவித்தவர்கள் அவர்கள், அந்தப் பயமும் வேலை செய்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் வான் நைஸ் ஆலையிலும் இதே முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. எத்தனை கார் இறங்கியது என்று மட்டுமே எண்ணிப் பழகிய மேலாளர்கள், தொழிலாளியின் கையில் கயிற்றைக் கொடுத்தால் ஓய்வெடுக்கத்தான் இழுப்பான் என்று நினைத்தார்கள். 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

சின்ன வயதில் நானும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். மெஷினை நிறுத்த அங்கே ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அளவு பிசகுகிறதே என்று ஒருநாள் அமுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் வந்தார். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பார் என்று பார்த்தால், "எவன்டா அமுக்கினது?" என்றார். அங்கே இருந்தவரை அந்தப் பட்டன் பக்கம் நான் கையே கொண்டுபோகவில்லை.