ராயபுரம்: படத்தின் ஓரத்தில் கடல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேச வானொலிக்கு அழைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. படத்தைக் காட்ட வழியில்லாத இடமல்லவா இது! ஆனால் பேச்சு ராயபுரத்தைப் பற்றி என்றார்கள், உடனே ஒப்புக்கொண்டேன்.

ராயபுரம் இன்று வடசென்னையின் நெரிசலுக்கு நடுவே கிடக்கிறது. அன்றைக்கு அது கறுப்பர் பட்டணத்து, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனின், கோட்டைச் சுவருக்கு வடக்கே, ஊருக்கு வெளியே இருந்த புறநகர். ராயர் யாரோ ஒருவர் பெயரால் வந்த ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: இராயப்பர் என்றால் புனித பேதுரு. அவர் பெயரில் அங்கே ஒரு கோயில் இருக்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு ஓட்டியவர்கள் சேர்த்த பணத்தில் 1829-இல் எழும்பிய கோயில்.

படகு என்றால் மசூலா படகு. ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்போது உடையாமல் நெளிந்துகொடுக்க வேண்டும், அதற்காக. அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் இந்தப் படகில்தான் கரை ஏறும்.

இனி ரயில் நிலையத்துக்கு வருவோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் ஹௌராவிலும் ரயில் அதற்கு முன்பே ஓடியது உண்மைதான். ஆனால் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. இந்தியாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரத்தில்தான் இருக்கிறது. 1873-இல் சென்ட்ரல் வந்த பிறகு மெல்ல மவுசு குறைந்தது. பிறகு நெடுங்காலம் கவனிப்பாரில்லை. 2005-இல் பழுது பார்த்தார்கள்.

இதன் பழைய படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் தூண்களைப் பார்க்கிறார்கள். வரிசையாக உயர்ந்த தூண்கள், பார்க்க வேண்டியவைதான். அடுத்து, “எவ்வளவு அமைதியான ஊர், ஆள் நடமாட்டமே இல்லை” என்று பெருமூச்சு விடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். ஆட்கள் இருந்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சில விநாடிகள் ஆகும். நடந்து போனவர் பதியமாட்டார். மிஞ்சினால் புகை போல ஒரு தீற்றல். அசையாமல் நின்ற மாட்டுவண்டி மட்டும் தெளிவாக விழும். மாடு திரும்பிப் பார்த்திருந்தால் அதற்கு இரண்டு தலை!

நான் பார்க்கச் சொல்வது படத்தின் கிழக்கு ஓரத்தை. அங்கே கடல் எங்கே நிற்கிறது, மணல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நம் கரையில் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1876-இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் புயல் வந்து அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். சுவர் மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. நாம் சுண்டல் தின்னும் மெரினா அப்படி அகன்றதுதான். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. இன்று அங்கே கடலோரத்தில் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்கள் அந்தக் கணக்கின் மிச்சம். துறைமுகம் படகோட்டியின் தொழிலையும் எடுத்துக்கொண்டது, அவன் ஊரின் கரையையும் அரித்தது. கோயில் மட்டும் நிற்கிறது.

அரத்தூன் சாலையில் பார்சிகளின் தீக்கோயில் ஒன்று உண்டு, 1910-இல் கட்டியது. மகனை இழந்த கிளப்வாலா என்ற தந்தை, அவன் நினைவாக எழுப்பியது. பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது. ஆகவே நமக்குக் கிடைப்பதெல்லாம் வெளிப்புறப் படங்கள்தான். பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்னும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782 பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். அந்தத் தொட்டியைப் படத்தில் தேடாதீர்கள். அப்போது கேமராவே பிறக்கவில்லை, பெயர்தான் படம்.

பெரிய கட்டடங்களுக்கு எப்படியும் படம் இருக்கும். வீடுகளுக்குத்தான் இல்லை. திண்ணை வைத்து, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் தெருத்தெருவாக இருந்தன. அவற்றை யாரும் படம் எடுக்கவில்லை. கல்யாணத்தைத்தான் எடுத்தார்கள். வெளிப்படையாகச் சொன்னால், சாவை எடுத்தார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படம் அநேகம் வீட்டில் உண்டு. தூக்கி எறியவும் மனமில்லாமல், மாட்டவும் மனமில்லாமல் பரணில் கிடக்கும். வெளிச்சம் வேண்டும் என்று வாசலில் வைத்து எடுத்ததால் வீட்டின் முகப்பு முழுசாக விழுந்திருக்கும். நான் தேடுவது அதைத்தான்.

கல்மண்டபம் பக்கம் ஒரு பாட்டியம்மா அப்படி ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய தாத்தாவின் சாவு. வீட்டை இடித்து அடுக்குமாடி வந்துவிட்டது. நான் நிலைப்படியின் செதுக்கலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் திண்ணைத் தூணில் நின்றது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னக் கீறல்கள்.

“அது நாங்கதான், தம்பி. வருஷா வருஷம் பொங்கலுக்கு நிக்க வெச்சு உயரம் பாத்து அப்பா கீறுவாரு. கீழ இருக்கறது என்னுது.”