தேங்காய்க்காரப் பையனின் கணக்கு

வணக்கம் நேயர்களே. "பையன் படிப்புல சுமார்தான், ஆனா ஸ்ட்ரீட் ஸ்மார்ட், எங்கே போட்டாலும் பொழைச்சுக்குவான்." கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

அமெரிக்க நகரங்களில் இந்தச் சொல்லுக்கு முதலில் தற்காப்பு வாசனைதான் அதிகம். இருட்டிய பிறகு எந்தத் தெருவில் போகலாம், சிரித்துக்கொண்டே வருகிறவன் எதற்கு அடிபோடுகிறான், இதெல்லாம் தெரிந்தவன் ஸ்ட்ரீட் ஸ்மார்ட். பேரம், வியாபாரம், ஆளை எடைபோடுவது எல்லாமும் அதற்குள் வரும். நம் ஊரில் அது இன்னும் கொஞ்சம் நழுவி, வரிசையில் குறுக்கே புகுந்து டிக்கெட் வாங்குகிறவனுக்கும் அதே பட்டம் கிடைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது, வானொலியில் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது ரெசிஃபே நகரத்துப் பையனைப் பற்றி. பிரேசிலின் வடகிழக்கில் கடலோரம் இருக்கிற ஊர் ரெசிஃபே. அங்கே தெருவில் தேங்காய், பழம், சோளப்பொரி விற்கிற பிள்ளைகள். டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி அவர்களிடம் போய் நின்றார்கள். ஒன்பதிலிருந்து பதினைந்து வயது வரை ஐந்து பிள்ளைகள். ஆய்வு 1985இல் வெளிவந்தது.

ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயது. தேங்காய் ஒன்று 35 குருசேரோ, அப்போது அங்கே அதுதான் காசு. "பத்து கொடு, எவ்வளவு?" என்று கேட்டார்கள். நாமென்றால் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு 350 என்போம். அவன் அப்படிப் போகவில்லை. மூன்று காய் 105. இன்னும் மூன்று, 210. இன்னும் நான்கு வேணுமே... 315... 350 என்று வந்து சேர்ந்தான். ஏன் மூன்று மூன்றாகப் போனான்? அடிக்கடி மூன்று காயாக விற்றிருப்பான், 105 நாக்கு நுனியில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், நான் எங்கே போனாலும் சொல்கிற இடம் இது. அதே பையனிடம் நான்கு தேங்காய் கேட்டார்கள். 105, அதோடு 30, 135, ஒரு காய் 35 என்பதால் 140. சரியான விடை. சில நாள் கழித்து அவனையே உட்காரவைத்து, காகிதம் பென்சில் கொடுத்து, 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னார்கள். தேங்காய் பற்றிப் பேச்சே இல்லை. அவன் வாய்விட்டுச் சொன்னான்: நாலஞ்சு இருபது, இரண்டு மீதி. இரண்டும் மூன்றும் ஐந்து, நாலஞ்சு இருபது. எழுதியது 200.

பெருக்கிய பிறகு கூட்ட வேண்டிய மீதியை முன்னாலேயே கூட்டிவிட்டான். வகுப்பில் இந்தத் தவறைப் பார்க்காத கணக்கு வாத்தியார் உண்டா? என்னை உலுக்கியது தவறு அல்ல. 200 என்று எழுதிவிட்டு அவன் நிறுத்திப் பார்க்கவில்லை. நான்கு காய்க்கு 200 என்று தெருவில் சொல்லியிருப்பானா? வாயைத் திறக்கும் முன்பே அவனுக்கே உறைத்திருக்கும், வாங்க வந்தவர் விடமாட்டார். காகிதத்தில் அந்த 35 எதனுடைய விலையும் இல்லை. அதனால் 200ஐப் பார்த்துச் சந்தேகப்பட அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து தெருவில் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரி. அதையே கதைக்கணக்காகக் கேட்டபோது 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. அதே பிள்ளைகள்தான், ஆள் மாறவில்லை.

இதைக் கேட்டதும் சிலர் குஷியாகி, "பார்த்தீங்களா சார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பையனிடம் 48 தேங்காய், காய் 37 என்று கேட்டால் மூன்று மூன்றாகப் போய் எப்போது முடிப்பான்? அங்கே ஏடு வேண்டும். தெருவில் கற்றது தெருவிலேயே நின்றுவிடுகிற ஆபத்தும் உண்டு. பள்ளிக்கூடம் அவனிடம் "நீ காய் விற்கும்போது எப்படிப் போடுவாய்?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், அந்த 105இலிருந்தே பெருக்கலைப் பிடித்திருப்பான் என்பது என் கட்சி.

பெரியவர்களிடமும் இது உண்டு. கலிபோர்னியாவில் ஜீன் லேவ் என்ற மானிடவியலாளரின் ஆய்வில், உடம்பு இளைக்க அளவுச் சாப்பாடு சாப்பிடும் ஒருவர் வருகிறார். உதிர்த்த பனீர் மாதிரி இருக்குமே காட்டேஜ் சீஸ், அதில் மூன்றில் இரண்டு கப். அதிலும் முக்கால் பங்குதான் அவருக்கு. கல்லூரியில் கால்குலஸ் படித்த மனிதர். பெருக்கினால் அரை கப், ஒரே வரி. அவரோ சீஸை அளந்து பலகையில் கொட்டி, வட்டமாகத் தட்டி, மேலே ஒரு கூட்டல் குறி கிழித்து, ஒரு கால் பங்கை ஒதுக்கிவிட்டார். மிச்சம் தட்டுக்குப் போனது. காகிதமும் இல்லை, பெருக்கலும் இல்லை, விடை சரி.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சில்வியா ஸ்கிரிப்னர் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பால் ஆலையொன்றில் கண்டதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு 16 டப்பா, கேட்டது 10. புதியவர் முழுப் பெட்டியை இழுத்து ஆறை வெளியே எடுத்து வைப்பார். பழைய ஆள், பக்கத்தில் எட்டு டப்பாவோடு கிடக்கிற பெட்டியில் இரண்டைப் போட்டு நகர்த்திவிடுவார். நாலு டப்பா தூக்குவது மிச்சம். குளிர்கிடங்கில், ராத்திரி வேலை நேரத்தில், அது பெரிய மிச்சம். லண்டன் டாக்சிக்காரர்கள் தெருப்பெயர்களை மனப்பாடம் செய்வதைப் பற்றியும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன், செய்தி நேரம் நெருங்கிவிட்டதாம். வருகிறேன், வணக்கம்.