கோயிலுக்குப் பணம் தரச் சொல்லும் அரசியலமைப்புச் சட்டம்! யார் வீட்டுப் பணம் அது?

வணக்கம் நண்பர்களே. மதச்சார்பற்ற நாட்டில் அரசு கோயிலுக்குப் பணம் தரலாமா? தரலாமா என்ன, தமிழ்நாடு வருடா வருடம் தந்தே ஆக வேண்டும். பிரிவு 290ஏ-யில் தொகையோடு இருக்கிறது: 13,50,000 ரூபாய். கேரளாவுக்கு 46,50,000. சட்டமன்றத்தில் ஓட்டுக்கு விட வேண்டியதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போல நேரே போய்விடும்.

(திரையில்: கன்னியாகுமரி வரைபடம்)

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. அங்குள்ள பழைய திருவிதாங்கூர் கோயில்களின் பராமரிப்புக்குத்தான் தமிழ்நாடு தரும் இந்தப் பணம்.

சரி, இது சலுகையா? இங்கேதான் கதை. 1811-வாக்கில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட்டாக, அதாவது பிரதிநிதியாக வந்து, திவான் (தலைமை அமைச்சர்) நாற்காலியிலும் உட்கார்ந்தவர் கர்னல் ஜான் மன்றோ. (சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவர் நூற்றுக்கணக்கான கோயில்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். கோயில் நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது. பூஜைச் செலவு அரசின் தலையில் விழுந்தது. வயலை வாங்கிக்கொண்டு படி அளந்த கதை! அந்தக் கடமைதான் 1949-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் ஒன்றான இணைப்பு ஒப்பந்தத்தில் ஏறி, அப்படியே சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இது மானியமே இல்லை, பழைய பாக்கி.

அதுவும் எப்படிப்பட்ட பாக்கி! 1956-இல் ஒரு பவுன் நூறு ரூபாய்க்கும் கீழே. 13,50,000 ரூபாய்க்கு 13,500 பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். இன்று அதே பணத்துக்கு முப்பது பவுன்கூட வராது. ஒரு கல்யாணத்துக்கே இழுபறி. சட்டத்தில் அந்த எண் மட்டும் மாறவே இல்லை. அரசு மேற்கொண்டு கொடுத்தால் அது தனிக் கணக்கு.

ஆனால் மேடையில் எடுபட்டதென்னவோ ஹஜ் மானியம்தான். அது பயணி கைக்கு வந்த பணமில்லை, விமானக் கட்டணத்தில் கழிவு. பத்தாண்டுக்குள் நிறுத்துங்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2018-இல் நின்றது. இதற்கிடையே இங்கே ஜெயலலிதா ஆட்சியில் ஜெருசலேத்துக்கும் மானசரோவருக்கும் மானியம் வந்தது. ஓட்டு இருக்கும் இடத்துக்கெல்லாம் டிக்கெட்!

நாகர்கோவில், சுசீந்திரம் பக்கம் இருப்பவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் திருவிதாங்கூர் காலத்துக் கோயில் நிலம் பற்றிக் கேட்டு கமெண்ட்டில் போடுங்கள். எந்த வயல், எந்தக் கோயிலுக்கு நெல் போனது, எல்லாம் வேண்டும்.